அமாவாசைக் கூட்டத்துக்கு வந்திருந்தோர்

எங்கள் அச்சுக்கூடத்துக்கு இந்த மாதம் இரண்டு பெண்பிள்ளைகள் புரூவ் பார்க்கப் புதிதாக வந்திருக்கிறார்கள். வேலையைப் பற்றி அவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முதலாளி ஐயா சொன்னார். பிழை திருத்தும் குறிகளை எழுதிக் கொடுப்பேன் என்று அவர் நினைத்திருப்பார். அவை சுவரில் ஒட்டியிருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். நான் எழுத நினைத்தது வேறு. பத்திரிகையில் நான் போட்ட ஒரு பெயரால் ஒருவருடைய உத்தியோகம் போகப் பார்த்தது. அதை எழுதுவதா விடுவதா என்று நாலு நாள் யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் இப்போது நெல்லியடிப் பக்கத்தில் வேறொரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். "எழுதும் தங்கச்சி, பேரை மட்டும் மாத்தும்" என்றார். ஆகவே நடராசா மாஸ்டர் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. புகையிலைக் கணக்கு

பாராளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்தல் வந்த வருஷம் அது. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். அவளுடைய தகப்பனார் அநுராதபுரத்தில் புகையிரதப் பகுதியில் வேலை செய்தார். மாதம் ஒருமுறை வந்து போவார். நான் அம்மாவோடும் அண்ணையோடும் உரும்பிராயில் இருந்துகொண்டு, சந்தியில் இருந்த இந்த அச்சுக்கூடத்துக்கு நடந்து வந்தேன். பத்து மணிக்கு ஒருமுறையும் ஒரு மணிக்கு ஒருமுறையும் அம்மா பிள்ளையைத் தூக்கிவருவார். கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிவிட்டு அங்கே இருந்து பால் கொடுப்பேன்.

பால் கொடுக்கும்போது புரூவில் எதையோ விட்டுவிட்டேன் என்று தோன்றும். புரூவ் பார்க்கும்போது பிள்ளை அழுகிறாள் என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அரைத்தூக்கம் எப்போதும் என் கண்ணில் இருந்தது. அந்த நாட்களில் நான் கண்டதாக எழுதியவற்றை எவ்வளவு தூரம் கண்டேன் என்பதில் எனக்கு இன்றும் நிச்சயம் இல்லை. அதனால்தான் இதைச் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் தொகுதியில் இரண்டு பேருக்கு இடையில்தான் போட்டி. இருவரும் சட்டம் படித்து நீதிமன்றத்தில் வழக்குப் பார்ப்பவர்கள். ஒருவர் அப்புக்காத்து, மற்றவர் பிரக்கிராசி. ஊரில் அவர்களைப் பெயர் சொல்லி யாரும் கதைக்கவில்லை. அப்புக்காத்தர், பிரக்கிராசியார் என்றால் போதும். எங்கள் வாரப் பத்திரிகை இரண்டு பேருக்கும் பொதுவானது என்று முதலாளி ஐயா சொல்லிக்கொள்வார்.

ஆடி அமாவாசை சனிக்கிழமை வந்தது. அன்றைக்கே அப்புக்காத்தருடைய பெரிய கூட்டம் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். கூட்டத்துக்குப் போகவேண்டிய நிருபருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போடுகிற கொப்பளிப்பான் வந்துவிட்டது. வியாழக்கிழமை முதலாளி ஐயா என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போறீரோ?"

"அண்ணை போறார் ஐயா. அப்பாவுக்கு முழுக."

தகப்பன் இல்லாத ஆண்கள் அன்றைக்கு விரதம் இருந்து கீரிமலையில் முழுகி, இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"அப்ப நீரும் வண்டிலிலை ஏறும். திரும்பி வாற வழியிலைதான் கூட்டம். எவ்வளவு சனம், என்ன கதைச்சவர், ஆர் ஆர் வந்தவை. அவ்வளவுதான்."

"எனக்குச் சனம் எண்ணத் தெரியாதே ஐயா."

"உரும்பிராயிலை பிறந்திட்டுப் புகையிலைக் கண்டு எண்ணத் தெரியாதோ? ஒரு நிரையை எண்ணும். எத்தனை நிரை எண்டு பாரும். பெருக்கும்."

வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார். "பேர்களை மறக்கவேண்டாம். ஒரு பேர் போட்டால் அஞ்சு வீட்டிலை பேப்பர் வாங்குவினம்."

இது அவருடைய பழைய விதி. எந்தக் கூட்டச் செய்தியின் முடிவிலும் "வந்திருந்தோருள்" என்று தொடங்கி எட்டுப் பத்துப் பெயர் வரவேண்டும். அதில் என்ன பிழை இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் யோசிக்கிற நான் அதை யோசிக்கவில்லை.

2. பனங்காணி

விடியும்போது புறப்பட்டோம். பிள்ளை என் மடியில் உறங்கினாள். தெல்லிப்பழை தாண்டியபின் தெரு முழுவதும் சனம். எல்லாரும் ஒரே பக்கம் நடந்தார்கள்; யாரும் உரத்துக் கதைக்கவில்லை. கால்களின் சத்தம் மட்டும் மழைபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணை முழுகப் போனபின் வண்டிலுக்குள் இருந்து பார்த்தேன். கேணிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உப்புக் காற்றுக்குள் நல்ல தண்ணீரின் குளிர் கலந்து வந்தது. ஆண்கள் ஈர வேட்டியோடு படியேறி வந்தார்கள். வெயில் அவர்கள் முதுகில் பட்டு, கடலின் மினுக்கமும் முதுகுகளின் மினுக்கமும் ஒன்றாகின. ஒவ்வொருவரும் தகப்பனுடைய பெயர், தகப்பனுக்குத் தகப்பனுடைய பெயர், அவருடைய தகப்பனுடைய பெயர் என்று சொல்லித் தண்ணீர் இறைத்தார்கள். அந்தப் பெயர்க்காரர்களும் அங்கே நிற்கிறார்கள் என்றால் இந்தச் சனத்தை எந்தக் கணக்கில் எண்ணுவது என்று நினைத்தபடியே கண் அயர்ந்தேன்.

திரும்பி வரும்போது பத்தரை மணி இருக்கும். தெருவோரத்தில் ஒரு பெரிய பனங்காணி. உள்ளே மேடை; மேடைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி. தெருவைப் பார்த்தபடி நீண்ட தண்ணீர்ப் பந்தல், சர்க்கரைத் தண்ணீர்க் கிடாரங்களோடு. கீரிமலையிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பந்தலைத் தாண்டித்தான் போகவேண்டும். கூட்டத்துக்கு அந்த நாளையும் இடத்தையும் யாரோ நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். இது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குப் படவில்லை.

"கெதியா எண்ணு" என்றார் அண்ணை. "நான் விரதம். வீட்டை போய்த்தான் எனக்குச் சாப்பாடு."

வண்டிலைக் காணி ஓரமாக விட்டார். பனைகள் நிரையாக நின்றது எனக்கு வசதியாகப் போய்விட்டது. நாலு பனைக்கு நடுவில் எத்தனை தலை என்று எண்ணினேன், முப்பது. அப்படி எத்தனை இடைவெளி என்று எண்ணினேன், நூறுக்கு மேலே. மூவாயிரம் என்று கொப்பியில் எழுதினேன். எழுதியதும் பிள்ளை விழித்து அழுதாள். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுத்தேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் நீருக்கு அடியில் கேட்ட மாதிரித்தான். அப்புக்காத்தருடைய குரல் பனை உச்சிகளுக்கு மேலே போய்த் திரும்பி வந்தது. ஒரு வசனத்தின் தலை கேட்கும். வாலை ஓலைகள் சரசரத்துக் கொண்டுபோய்விடும். கைதட்டல் வந்தபோது பிள்ளையின் உள்ளங்கால் என் கைக்குள் உதறியது. வெள்ளை வேட்டிகள், விபூதி நெற்றிகள், ஈரம் காயாத தலைகள். மழை பெய்து விட்ட தோட்டத்தில் கன்றுகள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதுபோல எல்லாரும் மேடைப் பக்கம் சாய்ந்து நின்றார்கள்.

அதற்குள் ஒரு தெரிந்த முகம். இரண்டாம் நிரையில் நடராசா மாஸ்டர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். எங்கள் வீட்டிலிருந்து நாலு வேலி தள்ளி அவர் வீடு. முகத்தை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நின்றார். தெருவில் தலை குனிந்து நடக்கிற மனிதர். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஆள் ஒருவர் வந்திருக்கிறார் என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் பெயர் வரிசையில் அவரை முதலாவதாக எழுதினேன்.

3. தேத்தண்ணிக் கடைச் சுவர்

செய்தி வெள்ளிக்கிழமை வந்தது. "மூவாயிரம் மக்கள் திரண்ட மாபெரும் கூட்டம்" என்று முதலாளி ஐயா தலைப்புப் போட்டார். 'மாபெரும்' என்னுடையது அல்ல.

அச்சுக்கூடத்துக்கும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கும் நடுவில் ஓலைத் தட்டிதான். அங்கே பத்திரிகையை உரத்து வாசிப்பார்கள். நாங்கள் எழுத்துக் கோத்துக்கொண்டே கேட்போம்.

"மூவாயிரமோ? உந்தப் பேப்பர்காரர் கண்ணை எங்கை வைச்சிட்டு எண்ணினவை? அஞ்சாயிரத்துக்கு ஒண்டும் குறையாது."

"நீ நிண்டனியே?"

"நான் நிக்கேல்லை. என்ரை மச்சான் நிண்டவன்."

"அப்ப உன்ரை மச்சான் ஒண்டு. மிச்சத்தை ஆர் எண்ணினது?"

"எண்ணவேணுமே? தெருவிலை வண்டில் போக இடமில்லை. அவன் நாலு மணிக்குத்தான் வீட்டை வந்தவன்."

"உன்ரை மச்சான் எந்த நாள் நாலு மணிக்கு முந்தி வீட்டை வந்தவன்?"

பெரிய சிரிப்பு. அதற்குள் பிரக்கிராசியார் பக்கத்து ஆள் ஒருவருடைய குரல், அவசரப்படாமல், எல்லாரும் கேட்கும்படி வந்தது.

"எண்ணிக்கை சரிதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அது அப்புக்காத்தற்ரை கூட்டமே? அமாவாசைக்கு முழுகிப்போட்டுத் தண்ணி குடிக்க நிண்ட சனம். தேப்பனில்லாதவையின்ரை கூட்டம்!"

எழுத்துக் கோக்கிற சூசை அண்ணை கையில் இருந்த எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "போச்சு பிள்ளை" என்றார். "உது இனி நிக்காது."

அவர் சொன்னபடிதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சொல் சந்தை முழுவதும் போய்விட்டது. அப்புக்காத்தருக்கு ஆதரவாக யார் வாய் திறந்தாலும், "நீரும் தேப்பனில்லாத கூட்டமோ?" என்று கேட்டார்கள். ஒருவர் கோபத்தில் தன்னுடைய தகப்பனைக் கையில் பிடித்துச் சந்தைக்குக் கூட்டிவந்து காட்டினாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எண்ணியது பிழையா? தலைகள் சரி. அந்தத் தலைகள் எதற்காக அங்கே நின்றன என்று நான் எண்ணவில்லை. அதை எண்ண ஒரு வழி இருக்கிறதா? உறக்கத்தில் அந்தப் பனங்காணி வந்தது. தலைகள் இருந்த இடத்தில் புகையிலைக் கன்றுகள் நின்றன. நான் எண்ணிக்கொண்டு போகப் போக, எண்ணி முடித்த கன்றுகள் பின்னால் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தன.

4. திங்கட்கிழமை

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரம் நடராசா மாஸ்டர் அச்சுக்கூடத்து வாசலில் வந்து நின்றார். கையில் எங்கள் பத்திரிகை, நாலாக மடித்தபடி. பெயர் போட்டதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"தங்கச்சி, என்ரை பேரைப் போட்டது நீரோ?"

"ஓம் மாஸ்டர். முதலாவதாய்ப் போட்டனான்."

"பாத்தனான்" என்றார். "எங்கடை மனேச்சர் பிரக்கிராசியாற்ரை ஆள் எண்டு உமக்குத் தெரியாதோ?"

தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆசிரியரை வைப்பதும் நிறுத்துவதும் மனேச்சர் கையில்தான். அது தெரிந்தும், பெயரை எழுதுகிறபோது அந்த நினைவு எனக்கு வரவில்லை.

"காலமை என்னைக் கூப்பிட்டவர். பேப்பரை மேசையிலை விரிச்சு வைச்சிருந்தவர். 'கூட்டத்துக்குப் போனனீரோ?' எண்டார். எனக்கு நாக்கு ஒட்டிப்போச்சு. 'இல்லை ஐயா, அமாவாசைக்குத்தான் போனனான்' எண்டு சொல்லிப்போட்டன்."

சூசை அண்ணையின் கை நின்றுவிட்டது. நாலு வேலிக்கு அப்பால் மாஸ்டரின் தகப்பனார் தினமும் காலையில் வாசலில் நின்று இருமுவதை நான் கேட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறேன்.

"மனேச்சர் என்ன சொன்னவர்?"

"'உமக்கென்ன காணும் அமாவாசை? உம்மைப் பெத்த கொப்பர் முந்தநாள் என்ரை படலையிலை நிண்டு சுருட்டுக்கு நெருப்பு வாங்கினவரே' எண்டார்."

சூசை அண்ணை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரையும் தவணை தந்திருக்கிறார். நான் அங்கை இல்லையெண்டால் பேப்பர் அதைச் சொல்லட்டுமாம். சொல்லாட்டில் சனிக்கிழமை கடிதம் வரும். மூண்டு பிள்ளையள், தங்கச்சி."

"மாஸ்டர், நான் உங்களைக் கண்டனான்."

"கண்டனீர்தான். நான் நிக்கேல்லையெண்டு சொல்லேல்லை. நிக்கேல்லையெண்டு போடச் சொல்லுறன்."

அவர் போனபிறகு முதலாளி ஐயாவிடம் போனேன்.

"எங்கடை பேப்பரிலை பிழை வாறதில்லை" என்றார். "வந்தால் அது கம்போசிற்றற்ரை பிழை."

"இது என்ரை பிழை ஐயா. அவரைக் கேளாமல் போட்டது நான்."

"பேர் போடுறதுக்கு ஆரைக் கேக்கிறது? இதுக்கு மறுப்புப் போட்டால் நாளைக்கு முழுச் சனமும் வந்து நிக்கும், என்னைப் போடு, என்னை எடு எண்டு." பின்பு என் முகத்தைப் பார்த்தார். "சரி, எழுதிக்கொண்டு வாரும். பொய் எழுதவேண்டாம். அந்த மனிசனையும் கெடுக்கவேண்டாம். ரெண்டும் செய்ய ஏலுமெண்டால் போடுவன்."

இரண்டு நாள் எழுதிக் கிழித்தேன். 'அவர் அங்கே இல்லை' என்பது பொய். 'அவர் அங்கே நின்றார், ஆனால் கூட்டத்துக்கு அல்ல' என்று எழுதலாமா? அந்தச் சிரிப்பை நான் கண்டேனே. சர்க்கரைத் தண்ணீர் குடித்தவனும் அப்படிச் சிரிப்பானோ? பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது மாஸ்டரின் மூன்று பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள். பால் சுரக்கவில்லை. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

5. தகப்பனார்

புதன்கிழமை மத்தியானம் மாஸ்டரின் தகப்பனார் தாமே வந்துவிட்டார். ஊன்றி வந்த பொல்லை வாசலில் தட்டி, "ஆர் இஞ்சை பேப்பர் எழுதுற பிள்ளை?" என்றார்.

"நான்தான் அப்பு."

"என்ரை மகன் என்னை உயிரோடை கடலிலை கரைச்சுப்போட்டு வந்திருக்கிறான். கேள்விப்பட்டனியோ?"

சூசை அண்ணை வாங்கை இழுத்துப் போட்டார். "இருங்கோ அப்பு. கரைஞ்ச ஆள் மாதிரித் தெரியேல்லை."

"நீ பகிடி விடாதை. காலமையிலையிருந்து மூண்டு பேர் வந்து எனக்குச் சுகம் கேட்டிட்டுப் போறாங்கள்." இருந்துகொண்டு மூச்சு வாங்கினார். பிறகு குரலைத் தணித்தார். "பிள்ளை, எழுது. அண்டைக்கு நான் என்னைப் பெத்த அப்புவுக்கு முழுகப் போனனான். அறுபது வருசமாய்ப் போறன். தனியப் போகேலாது எண்டு என்ரை பெடியன் கூட வந்தவன். வாற வழியிலை எனக்குக் களைச்சுப்போச்சு. அவன் எனக்குத் தண்ணி எடுக்கத்தான் அந்தக் காணிக்குள்ளை போனவன்."

எனக்கு உடம்பு லேசாகியது. அது உண்மையாக இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் மாஸ்டர் ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை? மனேச்சரிடமும் ஏன் சொல்லவில்லை?

"நான் உங்களை அங்கை காணேல்லையே அப்பு."

"நீ எத்தனை பேரைக் கண்டனி?"

"மூவாயிரம்."

"எண்ணினனி. எண்ணினது காணுறதோ? என்ரை தலையும் உன்ரை மூவாயிரத்துக்குள்ளை இல்லையெண்டு சத்தியம் பண்ணுவியோ?"

பண்ண முடியாது. நாலு பனைக்கு நடுவில் முப்பது என்று பெருக்கியவள் நான். கண்ணை மூடிப் பார்த்தேன். வெள்ளை வேட்டிகள், ஈரத் தலைகள், ஒரு பனையின் அடியில் குந்தியிருந்த ஒரு கிழவர். அவர் இவரா? அப்படி ஒரு கிழவர் இருந்தாரா, அல்லது இவர் சொன்னதால் இப்போது வந்து குந்திக்கொண்டாரா? எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். தெரியாததை யார் சொன்னாரோ அவர் வாயிலேயே விட்டேன். இரண்டு நாளாக வராத வசனம் கால் மணித்தியாலத்தில் வந்தது:

"சென்ற வாரம் நாம் வெளியிட்ட கூட்டச் செய்தியில் வந்திருந்தோர் எனச் சிலர் பெயரை அவர்களைக் கேளாமலே குறிப்பிட்டோம். அன்று ஆடி அமாவாசையாதலால் கூட்டத்துக்கு வந்தவர்களையும் கீரிமலையிலிருந்து திரும்பும் வழியில் நின்றவர்களையும் நாம் வேறுபிரித்து அறியவில்லை. ஆசிரியர் திரு. நடராசா, தகப்பனார் தம் தந்தைக்காக நீராடச் சென்றபோது அவருக்குத் துணையாகவே வந்து, தண்ணீர் பெறுவதற்காக அவ்விடம் சென்றார் என அவருடைய தகப்பனார் நேரில் வந்து கூறுகிறார்."

வாசித்துக் காட்டினேன். அவர் பொல்லின் மேல் நாடியை ஊன்றிக் கேட்டார்.

"'தகப்பனார் கூறுகிறார்' எண்டு ஏன்? என்ரை சொல்லை நம்பேல்லையோ?"

"உங்கடை சொல் உங்கடை பேரிலை வந்தால்தான் அதுக்குப் பாரம், அப்பு."

"அப்ப என்ரை பேரையும் வடிவாய்ப் போடு. நான் சாகேல்லை எண்டு நாலு சனத்துக்குத் தெரியட்டும்."

போட்டேன். சூசை அண்ணை அந்தப் பெயரைத் தடித்த எழுத்தில் கோத்தார். அதை நான் புரூவில் திருத்தவில்லை.

6. இரண்டாவது கூட்டம்

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, இந்த வேலையில் நான் கற்றது இரண்டு. நீங்கள் காணாததை எழுதவேண்டி வந்தால் அது யார் சொன்னது என்று சேர்த்து எழுதுங்கள். ஒருவருடைய பெயரைப் போடமுன் "போடலாமோ?" என்று கேளுங்கள். பெரிய மரியாதை என்று நாம் நினைத்துப் போடுகிற பெயர் அந்த மனிதருடைய வீட்டில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாது. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதற்குப் பிறகும் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாதியை மறைத்தவள் ஆவேன்.

அந்த மறுப்பு வெளிவந்த அன்று அப்புக்காத்தருடைய ஆட்கள் இருவர் வந்து, "எங்கடை சனத்தைக் கோவில் சனம் ஆக்கிப்போட்டியள்" என்று சத்தம் போட்டார்கள். முதலாளி ஐயா அவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்து அனுப்பினார். மனேச்சர் மாஸ்டரைக் கூப்பிட்டு, மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் நிற்க, பத்திரிகையை வாசித்தாராம். வாசித்துவிட்டு, "கொப்பர் கனகாலம் இருக்கட்டும்" என்றாராம். "வாற ஞாயிற்றுக்கிழமை எங்கடை கூட்டம். குடும்பத்தோடை வாரும். ஆர் ஆர் வந்தவை எண்டு நான் பேப்பரிலை பாப்பன்."

சனிக்கிழமை கடிதம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிரக்கிராசியாருடைய கூட்டம் எங்கள் பள்ளிக்கூட வளவில் நடந்தது. நிருபருக்குக் கொப்பளிப்பான் இன்னும் காய்ந்திருக்கவில்லை. நான்தான் போனேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்த முறை நிரை எண்ணாமல் ஆட்களுக்குள் நடந்தேன். வெயில் சாய்ந்து, புழுதி பொன்னிறமாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரையும், "உங்கடை பேரைப் போடலாமோ?" என்று கேட்டேன்.

ஒருவர், "ஐயையோ, என்னை நீர் காணேல்லை" என்று சால்வையால் முகத்தைத் துடைத்தார். ஒருவர் தன்னை விட்டுவிட்டுத் தன் மைத்துனர் பெயரைப் போடச் சொன்னார். அவர் அங்கே வந்திருக்கவே இல்லை. சுருட்டுக் கொட்டில்காரர் ஒருவர், "முந்தின கூட்டத்திலை என்ரை பேரைப் போட்டனீரே, இதிலையும் போடும், அப்பதான் ரெண்டு பக்கமும் யாவாரம் நடக்கும்" என்றார். சிலர் நான் வருவதைக் கண்டதும் இடம் மாறி இருந்தார்கள். நான் நடக்க நடக்கக் கூட்டம் என் முன்னால் விலகி, எனக்குப் பின்னால் கூடியது. எத்தனை பேர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முன் வாங்கில் நடராசா மாஸ்டர் இருந்தார். பக்கத்தில் மனைவி, மூன்று பிள்ளைகள், எல்லாரும் வெளுத்த உடுப்போடு. ஒலிபெருக்கி அவருக்கு நேரே இருந்தது. அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; கை தட்டவேண்டிய இடங்களில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் முந்தித் தட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

அவரைக் கேட்காமலே கடந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய நல்லது என்று பட்டது. இரண்டு அடி தள்ளியும் போய்விட்டேன்.

"தங்கச்சி."

திரும்பினேன். அவர் எழுந்து என்னிடம் வந்தார். மேடையில் இருந்த மனேச்சர் எங்களைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும்.

"என்ரை பேரைப் போடும்" என்றார், தாழ்ந்த குரலில். "முதலாவதாய்ப் போடும்."

கொப்பியைத் திறந்தேன். பிள்ளை என் தோளில் அசைந்தாள். அவர் நான் எழுதி முடிக்கும்வரை நின்றார். எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அவருடைய பெயரைத்தான் முதலாவதாக எழுதினேன். வெள்ளிக்கிழமை அப்படியே வந்தது.

பனங்காணிக்குள் அன்றைக்கு அவர் எதற்காகப் போனார் என்று, அந்த இடத்தில், அவ்வளவு கிட்ட நின்றும் நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.